சிறியது அல்லது சமம்: அடிக்கோட்டின் சாய்வு பற்றி ஓர் ஆய்வு

1. சிக்கல்
எது பெரியது, எது சிறியது என்ற வழக்கைத் தீர்க்கப் பிறந்தவை ஒப்புமைக் குறிகள். அவற்றுக்குள்ளேயே ஒரு வழக்கு தீர்ந்தபாடில்லை. அடிக்கோட்டை ≤ என்று படுக்கவைப்பதா, ⩽ என்று மேலே உள்ள கைக்கு இணையாகச் சாய்ப்பதா?

2. வரலாறு
<, > இரண்டும் 1631இல் லண்டனில் அச்சான தாமஸ் ஹேரியட்டின் இயற்கணித நூலில் தலைகாட்டின. ஹேரியட் அதற்குப் பத்தாண்டு முன்பே காலமாகிவிட்டதால், புரூஃப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. 1734இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே ≦ என்று கீழே இரட்டைக் கோடு போட்டார். பின்வந்தவர்கள் ஒரு கோட்டை நீக்கினர். எஞ்சிய கோடு சிலர் கையில் சாய்ந்தது, வம்பு தொடங்கியது.

3. சான்றுகள்
டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எடுத்த எடுப்பிலேயே கிடைப்பது படுகோடு. சாய்கோடு வேண்டுவோர் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் எழுத்துருவைத் தனியே அழைக்க வேண்டும். பிரெஞ்சு, ரஷ்ய, போலந்து நூல்களில் சாய்கோட்டுக்கே செல்வாக்கு. யூனிகோடு பஞ்சாயத்துக்கே போகாமல் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டா வழங்கிவிட்டது.

கிளைச் செய்தி ஒன்று. ஒப்புமைக் குறியின் இருபுறமும் எம் என்ற அச்சு அளவில் 18இல் 5 பங்கு இடம் விடுவது டெக்கின் வழக்கம். திசையன்களைச் சூழ்ந்து கோண அடைப்புக்குறி வர வேண்டிய இடத்தில், கைக்கு எட்டியதே என்று விசைப்பலகையின் < > குறிகளைத் தட்டினால், உள்ளே இருக்கும் அவை சம்பந்தி வீட்டில் உட்கார்ந்தவர்கள்போலச் சுவரைத் தொடாமல் விலகி நிற்கும்.

4. நிரூபணம்
வரிசை உறவுகளுக்கு எதிர்சமச்சீர் என்றொரு விதி உண்டு: அ ≤ ஆ, ஆ ≤ அ எனில் அ = ஆ. சாய்கோடு தன்னுடையதைவிடத் தாழ்ந்தது அல்லது சமம் என்கிறது படுகோட்டுக் கட்சி. சாய்கோட்டுக் கட்சியும் அதையே திருப்பிச் சொல்கிறது. இரு தரப்பும் கற்றறிந்தோர். பொய் சொல்ல மாட்டார்கள். ஆகவே இரண்டு குறிகளும் சமம். இந்த நிரூபணத்தைப் படுகோட்டில் எழுதியது ஒருதலைப்பட்சம் என்று சாய்கோட்டார் ஆட்சேபிக்கலாம்; அவர்கள் கோட்டைச் சாய்த்துப் படித்துக்கொள்ளலாம்.

5. முடிவு
சமம் என்பதற்காக ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். முதல் பக்கத்தில் ≤, ஐந்தாம் பக்கத்தில் ⩽ வந்தால், இரண்டும் வெவ்வேறு உறவுகளோ என்று வாசகர் வரையறையைத் தேடிப் பின்னோக்கிப் புரட்டுவார். எந்தக் கோடு என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் ஆரம்பத்திலேயே முடிவு செய்து, கடைசிப் பக்கம்வரை அதையே போடுங்கள்.