தட்டில் என்ன, மணி?

போன இதழில் நாய்ச் சாப்பாடு பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பிரிக்கவே இரண்டு நாளாயிற்று. ஆகவே இந்த வாரம் அரசியல், சினிமா, கிரிக்கெட் மூன்றுக்கும் விடுமுறை. பக்கம் முழுக்க நாய்களுக்கு.

என் நாய் எதைப் போட்டாலும் சாப்பிடுகிறது. எல்லாமே அதற்கு ஒத்துக்கொள்ளும் என்றுதானே அர்த்தம்?
*ஒரு வாசகர், ஈரோடு*

என் வீட்டு மணி போன மாதம் இடதுகால் செருப்பைச் சாப்பிட்டான். செருப்பில் என்ன சத்து என்று தெரிந்தால் எழுதுங்கள்.

எங்கள் குட்டன் மூன்று வருடமாகத் தயிர்சாதத்தில்தான் வளர்கிறான். "நாய் மாமிசப் பிராணி, அதற்குச் சோறு செரிக்காது" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
*ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்*

பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது ஓநாயைப் பற்றி. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2013-இல் எழுதினார்கள். மாவுச்சத்தை உடைக்கிற அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருக்கிறது. நாயிடம் 4 முதல் 30 வரை! மனிதன் விதைக்கக் கற்ற காலத்திலிருந்து அவன் அடுப்படியிலேயே படுத்துக் கிடந்து, நாய் தன் வயிற்றையே நமக்காக மாற்றிக்கொண்டுவிட்டது. குட்டன் அந்தப் பரம்பரையில் வந்தவன். சோறு அவனுக்குச் செரிக்கும்.

ஆனால் அம்மா, செரிப்பது வேறு, போதுவது வேறு. வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1000 கலோரிக்கும் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். சோறும் தயிரும் சம எடையில் பிசைந்தால் 30 கிராமைத் தாண்டிக் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி எல்லாம் அதைவிட மோசம். நம்மைப் போல வெயிலில் நின்று வைட்டமின் டி செய்துகொள்ளும் வித்தையும் நாய்க்கு வராது. எல்லாம் தட்டிலிருந்துதான் போக வேண்டும்.

குட்டன் 10 கிலோ இருப்பான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரியை ஒட்டித் தேவை. வெந்த சோறு 200 கிராம், உப்பில்லாமல் வேகவைத்து எலும்பு எடுத்த கோழிக்கறி 150 கிராம், ஒரு முட்டை, இரண்டு கரண்டி பூசணிக்காய், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதோடு காயவைத்து மாவாக இடித்த முட்டை ஓட்டுப் பொடி அரைத் தேக்கரண்டி. அந்தப் பொடியை மறந்தால் மொத்தமும் வீண். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். வெறும் கறியிலும் சோற்றிலும் வளர்ந்த குட்டிகளின் முன்னங்கால் வில்லாக வளைவது அதனால்தான். மற்ற தாது, வைட்டமின்களுக்கு மருத்துவரிடம் ஒரு சத்துப் பொடி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஒரு கரண்டி தயிர் விட்டால் குட்டனுக்கும் மனக்குறை இருக்காது.

குரைக்கிற நாய் கடிக்காது என்பது உண்மையா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

கடிக்கிற நாய் மெல்லாது என்பது உண்மை. 42 பல் இருந்தும் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்க நாயால் முடியாது. கிழிக்கும், நொறுக்கும், விழுங்கும். துண்டுகளைச் சிறிதாக வெட்டிப் போடுங்கள்.

பிரியாணி எலும்பை நாய்க்குப் போடலாமா?
*ஒரு வாசகர், ஆம்பூர்*

வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிலாம்பு எடுக்கும். அது குடலில் குத்தினால் அறுவை சிகிச்சைதான்.

தினமும் டீக்கடையில் எங்கள் தெரு நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் போடுகிறேன். புண்ணியம்தானே?
*ஆட்டோ ஓட்டுநர், மதுரை*

மனசு தங்கம், அண்ணே. பிஸ்கட்தான் மைதா.

இந்த பிஸ்கட் விஷயத்தில் எனக்குப் பழைய பகை உண்டு, வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். நாய் என்றாலே நம் கை ஏன் பிஸ்கட்டுக்குப் போகிறது? அதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோவிலிருந்து ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் 1860 வாக்கில் இடிதாங்கி விற்க லண்டனுக்கு வந்தார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய காய்ந்த கப்பல் ரொட்டியை நாய்கள் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார் என்பார்கள். இடிதாங்கியை ஓரம் கட்டிவிட்டு கோதுமை, பீட்ரூட், காய்கறி, மாமிசம் எல்லாம் சேர்த்து நாய்க்கென்றே ஒரு ரொட்டி சுட்டார். பிரபுக்கள் வீட்டு வேட்டை நாய்களுக்கு அது பறந்தது. அவரிடம் பையனாக வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட்தான் 1891-இல் இன்று உலகமே பார்க்கிற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். ஆக ஒரு இடிதாங்கி வியாபாரி துறைமுகத்தில் நின்று வேடிக்கை பார்த்ததில் பிறந்தது நாய் பிஸ்கட்!

ஆனால் ஸ்பிராட்டின் ரொட்டியில் மாமிசம் இருந்தது. டீக்கடை பாட்டிலில் இருப்பது மைதா, சர்க்கரை, பாமாயில். ஒரு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட்டிலேயே 20 கலோரி. பத்துப் போட்டால் 10 கிலோ நாயின் ஒருநாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, சத்து இல்லாமல். அதற்குப் பதில் இரண்டு அவித்த முட்டை வாங்கி உரித்துப் போடுங்கள். நாளைக் காலையில் உங்கள் ஆட்டோ சத்தம் கேட்டதும் அந்த வால் ஆடுகிற வேகத்தைப் பாருங்கள்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை நாய் விழுங்கிவிட்டால்?
*ஒரு வாசகி, கோவை*

இதைப் படித்து முடிக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். அதில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கும். கல்லீரலும் கெடும்.

டின் உணவில் புரதம் 8% என்று போட்டிருக்கிறது, பாக்கெட் உணவில் 24%. பாக்கெட்தானே மூன்று மடங்கு சிறந்தது?
*வங்கி ஊழியர், சென்னை*

வட்டி கணக்குப் போடுகிறவரே இப்படி ஏமாறலாமா? தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். டின்னில் 78% தண்ணீர். மிச்சம் 22-இல் 8 புரதம் என்றால் 36%. பாக்கெட்டில் தண்ணீர் 10%தான். 90-இல் 24 என்றால் 27%. புரதத்தில் ஜெயித்தது டின். பாக்கெட் வாங்கினாலும் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவின் ஆஃப்கோ அளவுகோல்படி, தண்ணீர் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் போதும். அட்டையில் சிரிக்கிற நாய்ப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் "முழுமையான, சமச்சீர் உணவு" என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று பாருங்கள். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாதீர்கள். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினால் வீட்டுத் தரை தப்பிக்கும்.

நாங்கள் சுத்த சைவம். நாயையும் சைவமாக வளர்ப்பது பாவமா?
*ஒரு குடும்பத் தலைவர், மயிலாப்பூர்*

நாய் என்று கேட்டதால் பிழைத்தீர்கள். பூனை என்றால் ஒரே பதில்தான்: கூடாது. டாரின் என்ற சத்து இயற்கையில் பெரும்பாலும் மாமிசத்தில்தான் கிடைக்கும், பூனையின் உடம்பால் அதைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, பார்வையும் இதயமும் போய்விடும். நாய் பெரும்பாலும் செய்துகொள்ளும். பருப்பு, பன்னீர், தயிர் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் நம் உத்தேசத்துக்குப் போட்டால் நடக்காது, கால்நடை மருத்துவர் எழுதித் தந்த அளவுப்படி நடக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். முட்டைக்கு வீட்டில் அனுமதி கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்த முட்டைக்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியை நான் சமாதானப்படுத்துகிறேன்.

எங்கள் பக்கத்து சிப்பிப்பாறை நாய்களுக்கு அந்தக் காலத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும்தான். அவை முயலைத் துரத்திப் பிடிக்கவில்லையா? இப்போது எதற்கு இவ்வளவு கணக்கு?
*ஒரு விவசாயி, சங்கரன்கோவில்*

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சந்தோஷத்தில். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் மண்ணின் நாய்களை யாராவது பேசினால் இந்தப் பக்கம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. நம் ஊர் அடுக்குமாடிகளிலோ குளிர்நாட்டு ஹஸ்கி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

கேழ்வரகும் சாதாரணப் பொருளில்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, முயலைப் பிடித்தன என்று. அந்த முயலின் ஈரலும் குடலும் யாருக்குப் போயின? வயலில் எலி, ஓணான், கோழி முட்டை எல்லாம் அவையாகவே தேடிக்கொண்டன. கூழ் பாதிச் சாப்பாடு, காடு மீதிச் சாப்பாடு. இன்று உங்கள் பேரன் அதே நாயைக் கொண்டுபோய் அண்ணாநகர் மூன்றாம் மாடியில் கட்டியிருந்தால், காடு கொடுத்த பாதியை அவன்தான் வாங்கிப் போட வேண்டும்.

நாய் வாலை நிமிர்த்த முடியுமா?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

நாயைத் திட்டுகிற பழமொழிகளுக்கு இங்கே இடம் கிடையாது என்று பலமுறை எழுதிவிட்டேன். வாலை விடுங்கள், விலாவைத் தடவுங்கள். அடுத்த பதிலில் வருகிறது.

எங்கள் லாப்ரடார் 44 கிலோ. "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று எல்லோரும் கொஞ்சுகிறார்கள். இன்னும் என்ன கொடுக்கலாம்?
*ஒரு தாத்தா, தஞ்சாவூர்*

கையை நீட்டுங்கள் தாத்தா. இடது கையை இறுக மூடி விரல் முட்டிகளை வலது கையால் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. இப்போது மூடின கையைப் பிரித்து உள்ளங்கைச் சதையைத் தடவுங்கள். அப்படி இருந்தால் பருமன். கையைத் திருப்பிப் புறங்கையைத் தடவிப் பாருங்கள், மெல்லிய தோலுக்கடியில் எலும்பு வரிசை தட்டுப்படுகிறதல்லவா? அதுதான் சரியான உடம்பு. 44 கிலோவில் உங்கள் கைக்கு விலா கிடைக்காது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவாகத் தட்டு வைத்தார்கள். நிறையத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்றதற்கு 13. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! மூட்டுவலியும் தள்ளிப் போனது.

ஒரு சின்னத் தராசு வாங்குங்கள். நான் எல்லோருக்கும் சொல்கிற தராசுதான், சொல்லிக்கொண்டே இருப்பேன். கண்ணளவு அன்பு கரண்டியில் கூடிவிடும். வீட்டில் எத்தனை பேர் தனித்தனியாகப் போடுகிறீர்கள் என்றும் எண்ணுங்கள்.

மிச்சமான சாம்பார் சாதம், புளியோதரை, பாயசம் போடலாமா? தப்பாக நினைக்காதீர்கள், எங்களுக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன்.
*பெயர் வேண்டாம், விழுப்புரம்*

கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் தைப்பொங்கலன்று மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் உருளியை மணி வழித்து நக்கினான். நாங்கள் சுற்றி நின்று சிரித்தோம். இரவு பத்து மணிக்கு வாசல் திண்ணையில் வாந்தி எடுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். உலர்திராட்சை ஒவ்வொன்றும் உடையாமல், ஊதி, பளபளவென்று கிடந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஊசி குத்திய முன்னங்காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். பிழைத்தான். சிறுநீரகம் முற்றிலும் கெட்டுப் போகிற நாய்களும் உண்டு. எத்தனை திராட்சை வரை தாங்கும் என்று ஒரு கணக்குக் கிடையாது.

திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் நிறைய. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புளியோதரை, ரசம், சாம்பார் எதுவும் வேண்டாம். சாம்பாரில் வெங்காயம் வேறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாக்லேட்டும் அப்படியே விலக்கு. திராட்சை தின்றதைக் கண்ணால் பார்த்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்துவிடுவார்.

எங்கள் பாப்பாவுக்கு 14 வயது. பத்து நாளாகத் தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறாள். வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.
*ஒரு வாசகி, சேலம்*

விட்டுவிடாதீர்கள். வயது ஒரு நோயல்ல, அதன் பின்னால் நோய் ஒளிந்துகொள்ளும். முதலில் உதட்டைத் தூக்கிக் கடைவாயைப் பாருங்கள். ஈறு சிவந்து நாற்றமடித்தால் பசி இருந்தும் வலியால்தான் சாப்பிடாமல் இருக்கிறாள். பிறகு ரத்தப் பரிசோதனை, முக்கியமாக சிறுநீரகம். முடிவு தெரியாமல் நீங்களாகவே கறியைக் குறைக்காதீர்கள். வயதான நாயின் தசை வேகமாகக் கரையும், அதற்குப் புரதம் வேண்டும்.

அதுவரை சோற்றைக் குழைய வேகவைத்து, வெங்காயம் பூண்டு சேராத கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் வையுங்கள். நாக்கின் சுவை மொட்டுகள் நமக்கிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் அவளுக்கு, மூக்குத்தான் அவளைச் சாப்பிட வைக்கிறது. ஆறின சோற்றில் மணம் எழும்பாது. தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி வையுங்கள், கழுத்து குனிய வலிக்கலாம். முதல் கவளத்தை விரலில் எடுத்து உதட்டோரம் தடவுங்கள்.

நாளைக் காலையே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரத்த முடிவு வந்ததும் எழுதுங்கள், அடுத்த இதழில் முதல் பதில் பாப்பாவுக்குத்தான்.