இன்வர்டு நைனா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் அபார்ட்மெண்டில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. லிஃப்ட் இல்லை, வாட்ச்மேன் இல்லை. தரைத்தள முதல் வீட்டில் நைனா இருக்கிறார். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் பக்கம் பெரியவர்களெல்லாம் நைனாதான். இவர் மட்டும் இன்வர்டு நைனா.

சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றின் கேட்டில் முப்பது வருடம் இன்வர்டு ரிஜிஸ்டர் எழுதியவர். லாரி உள்ளே வந்தால் ஒரு வரி, வெளியே போனால் ஒரு வரி. ரிட்டயர்டு ஆன அன்று சால்வையோடு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அவர் கேட்டதென்னவோ எழுதாத ரிஜிஸ்டர் இரண்டு.

எங்கள் வீடுகளில் பாதிப் பேர் ஷிப்டுக்காரர்கள். ஏ ஷிப்ட் ஆள் வேலையில் இருப்பான். சி ஷிப்ட் ஆள் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குவான். அந்த நேரத்தில் காலிங் பெல்லை அழுத்துவது கொலைக்குச் சமம். ஆகவே பைக்கில் மூட்டையோடு வரும் டெலிவரிப் பையன்கள் நேரே நைனாவின் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அங்கே பழைய எடைத் தராசு ஒன்று இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன்.

"லேபிள்ல எண்ணூறு கிராம் போட்டிருக்கான்பா. நாம பார்த்துக்க வேணாமா?"

எடை போட்டு, குலுக்கி, காதில் வைத்துக் கேட்டபிறகுதான் பதிவு. "2ஏ, துணி." "3சி, கண்ணாடிச் சாமான், லேசா சத்தம்." பிரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். மூன்றாம் மாடியில் ஒரு பையன் ரகசியமாக வாங்கிய முடி வளரும் எண்ணெய், அவன் படியேறி வீட்டுக்குள் போவதற்குள் "எண்ணெய், 200 மில்லி" என்று ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. முடி வளர்ந்ததா என்ற கலம் அதில் இல்லையே தவிர, விசாரணை இன்றுவரை நடக்கிறது.

ஓடிபி விஷயத்தில்தான் மனிதர் மேதை. உருக்காலைச் சத்தத்தில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? அதனால் காலையில் ஷிப்டுக்குக் கிளம்புகிறவனைக் கேட்டிலேயே நிறுத்துவார். "இன்னைக்கு ஏதாச்சும் வருதா? நம்பரைச் சொல்லிட்டுப் போ. பேங்க்ல இருந்து பேசறேன்னு எவன் கேட்டாலும் சொல்லாதே. எனக்குச் சொல்லலாம்." மொட்டைமாடி அறையில் இருக்கும் ஒடிசாப் பையன்களுக்காக இந்தியும் பழகியிருக்கிறார். மொத்தம் நான்கு சொல்: "டப்பா ஆயா, நீச்சே ஆவோ." அவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ரிட்டன் அனுப்புவதென்றால் கேட் பாஸ் வேண்டும். அளவு மாற்றப் போகும் சட்டை ஆர்.ஜி.பி., அதாவது வெளியே போய்த் திரும்பி வர வேண்டிய சரக்கு. பணம் மட்டும் திரும்பினால் என்.ஆர்.ஜி.பி. "ரெண்டையும் கலந்தா ஆடிட்ல மாட்டிக்குவே" என்பார். எங்கள் அபார்ட்மெண்டுக்கு ஆடிட் செய்ய யார் வரப்போகிறார்கள் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

அவருடைய ஜென்மப் பகை பின்கோடு தப்பாகப் போடுகிறவர்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டுக்குப் பின்கோடு வந்தது என்று தேதியோடு சொல்வார். சுதந்திர தினக் கொடியேற்றத்தில் மிட்டாய் வாங்கப் போன எங்களிடமே சொன்னார். நமக்கு 601201, திருவள்ளூருக்கு 602001. கைதவறி நடுவிலிருக்கும் இரண்டு எண்ணை மாற்றித் தட்டினால் பெட்டி மாவட்டத் தலைநகரைப் பார்க்கப் போய்விடும்.

என் மகள் தட்டினாள். நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் போன் கவர் திருவள்ளூரில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் விட்டுவிட்டேன். நைனா விடவில்லை. தை அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினார். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும். கூட்டத்தில் நசுங்கி, குளத்தில் வெல்லம் கரைத்து, அந்த ஊர் டெலிவரிப் பையனைத் தேடிப் பிடித்து, என் மகளிடம் போனில் ஓடிபி வாங்கி, ராத்திரி எட்டு மணிக்குப் பிரசாதப் பொட்டலத்தோடு கவரையும் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்றைக்கென்று எங்கள் திண்ணையில் ஒரே கலவரம். நைனா இல்லாததால் நான்கு பெட்டிகள் "செக்யூரிட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று போனில் காட்டின. இல்லாத செக்யூரிட்டியை எல்லோரும் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் மோட்டார் பெட்டிக்குள் மூன்று கிடைத்தன. நைனா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்கு அடியில் குனிந்து நாலாவதை எடுத்துத் தராசில் வைத்தார்.

பிறகு என் மகள் பக்கம் திரும்பினார்.

"கவருக்குப் பணம் திரும்பி வந்துடுச்சா பாப்பா?"

"மத்தியானமே வந்துடுச்சு தாத்தா."

கையிலிருந்த கவரை நீட்டப் போனவர் அப்படியே நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ரிஜிஸ்டரைத் திறந்து, கடைசிக் கலத்தில் சிவப்பு மையால் 'ஹோல்டு' என்று எழுதி, அதே மாதிரி ஒரு சீட்டையும் எழுதி நூலில் கட்டிக் கவரில் தொங்கவிட்டார்.

"பணமும் வந்து சரக்கும் வந்தா அது உன்னுது இல்லைம்மா. அவங்க ஆள் கேட்டு வர்றவரைக்கும் இங்கேதான் இருக்கும்."

இரண்டு மாதமாகிறது. திண்ணைக் கண்ணாடி அலமாரியில், கவரில் இருக்கும் மயில் படம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறாள்.