கயிறா, கம்பியா?

கேள்வி: பாறசாலை தாண்டியதும் காரின் சைலன்சர் கிளாம்ப் உடைந்து, பைப் ரோட்டில் உரசுகிறது. நெய்யாற்றின்கரை வரை கயிறு கட்டி ஓட்டிவிடலாமா?
(களியக்காவிளை வாசகர்)

பதில்: கயிறு மட்டும் வேண்டாம் ஐயா! தென்னை நாட்டில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தச் சூட்டில் தேங்காய்க் கயிறு திரியாகிவிடும், நைலான் பாகாகிவிடும். வண்டியை ஓரங்கட்டி, பைப் நன்றாக ஆறட்டும். வழியில் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் கொஞ்சம் கட்டுக்கம்பி கேளுங்கள். நாலு இழையாக முறுக்கிப் பைப்பைத் தூக்கிக் கட்டினால் ஒர்க்‌ஷாப் வரை தாங்கும். பிரேக் பைப்பிலும் வயரிலும் கம்பி படக்கூடாது. இணைப்பே விலகியிருந்தால், பால்பவுடர் டின் தகட்டைச் சுற்றி இரு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். தலை கனத்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள்.

1956 நவம்பர் 1 அன்று உங்கள் ஊர் அடங்கிய விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அதற்காக மெக்கானிக்கிடம் எந்த மொழியில் பேசுவதென்று தயங்க வேண்டாம். ‘கிளாம்ப்’ என்றால் எல்லையின் இரு பக்கமும் புரியும்.