தலைவர் அவர்களே, ஒரு நிமிடம்!

இந்த முறை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கடிதங்களுக்கு மட்டும் பதில். எல்லாக் கடிதங்களும் கூட்டம் நடத்துவது பற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் இரவு எட்டுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிகிறது. எல்லோரும் பேசுகிறோம், முடிவு மட்டும் வருவதில்லை. (வியாபாரிகள் சங்க நிர்வாகி, திண்டிவனம்)

பதில்: எதைப் பற்றி முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம் என்று தொடக்கத்தில் யாராவது சொல்கிறார்களா? "குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர் சாக்கடைக்குப் போவார், மூன்றாமவர் தொழில் வரிக்குப் போவார், நான்காமவர் போன தேர்தலுக்கே போய்விடுவார். பேச்சுக்கு முன்னால் தீர்மானம் வர வேண்டும். "கடைத்தெருவுக்குக் காலை ஏழு மணிக்குள் குப்பை வண்டி அனுப்பக் கோரி நகராட்சி ஆணையரிடம் இந்த வாரமே மனு கொடுப்பது" என்று ஒருவர் எழுதி வாசிக்கட்டும், இன்னொருவர் வழிமொழியட்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அடுத்த பொருளுக்குப் போகலாம். வழிமொழிந்த பிறகு அந்த வாசகத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. சாக்கடைக்காரரிடம், "அதற்குத் தனித் தீர்மானம் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறோம்" என்று தலைவர் மரியாதையாகச் சொல்லலாம்.

ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863-இல் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நடத்தத் தெரியாமல் திணறிப்போனார். கோட்டை கட்டத் தெரிந்தவருக்குக் கூட்டம் கட்டுப்படவில்லை. அந்த வெட்கத்தில் படிக்கத் தொடங்கி 1876-இல் அவர் வெளியிட்ட விதிநூலைத்தான் இன்று பல நாட்டுச் சங்கங்கள் கையில் வைத்திருக்கின்றன. அதில் எனக்கு மிகப் பிடித்த விதி இது: ஒரு பொருளில் ஒருமுறை பேசியவர், இன்னும் பேசாத ஒருவர் எழுந்து நிற்கும்போது மறுபடி பேசக் கூடாது. அடுத்த மாதம் இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள். நேரத்தோடு வீடு திரும்பலாம். இதுவரை வாயே திறக்காதவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: அஜெண்டாவின் கடைசியில் "தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்" என்று போடுகிறார்களே, அது எதற்கு? (வளவனூர் வாசகர்)

பதில்: வாழ்த்துச் சொல்ல, இரங்கல் தெரிவிக்க, அடுத்த கூட்டத்தின் தேதி குறிக்க. சந்தாவை இரட்டிப்பாக்க அல்ல. முன்னறிவிப்பில் இல்லாத பெரிய செலவு அந்த வரியின் வழியாக நுழைந்தால் எழுந்து மறுப்புச் சொல்லுங்கள். அன்று வராதவருக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு.

கேள்வி: எங்கள் ஊர் கிராம சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். பதிவேட்டிலோ அதைப்போலப் பல மடங்கு கையெழுத்து. யாரிடம் கேட்பது? (கல்லூரி மாணவர், திண்டிவனம் வட்டம்)

பதில்: அங்கேயே கேள் தம்பி, கூட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கேள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, வெறும் சம்பிரதாயம் கிடையாது. தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கிராம சபையில் இருந்தாக வேண்டும். இதன் கனத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார். மக்களவையில் மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் இருந்தால் இந்தியாவுக்கே சட்டம் இயற்றலாம். நம் சட்டமன்றத்துக்கு 24 பேர் போதும். ஐநூறு பேரைத் தாண்டிய சின்னஞ்சிறு ஊராட்சிக்கோ 100 பேர் வேண்டும்! காரணம், அங்கே இருப்பவர்கள் யாருக்கும் பிரதிநிதிகள் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த இடம் அது.

ஆகவே முதல் நிமிடத்தில் எழுந்து, "ஐயா, வந்திருப்பவர்களை எண்ணிச் சொல்லுங்கள், அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்" என்று கேள். குரலை உயர்த்த வேண்டாம். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளர் அங்கே இருப்பார். வாயால் சொன்னதையே ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு அவரிடமும் கொடு. வீட்டுத் திண்ணையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் வாங்கிய கையெழுத்து வருகை ஆகாது.

இன்னொன்றையும் உன்னிடம் கேட்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. உன் நண்பர்களில் எத்தனை பேரை அழைத்துப் போனாய்? ஆள் வராத சபையில்தான் கள்ளக் கையெழுத்துக்கு வேலை.

கேள்வி: மேடையில் தீர்மானத்தை வாசிக்கிறார்கள், முன்வரிசை கை தட்டுகிறது, "ஏகமனதாக நிறைவேறியது" என்று அறிவிக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய? (பொதுக்குழு உறுப்பினர், விழுப்புரம்)

பதில்: "எண்ணுங்கள்" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். கைதட்டல் பாராட்டு, அது வாக்கு ஆகாது. நாடாளுமன்றத்திலும் முதலில் குரல் வாக்கெடுப்புத்தான். ஆனால் அவைத்தலைவர் சொன்ன முடிவை ஓர் உறுப்பினர் மறுத்தால் எண்ணிப் பார்க்க வழி உண்டு. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்ற கணக்கில் கவிழ்ந்தது. சத்தத்தை வைத்து ஒரு வாக்கு வித்தியாசத்தை யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றையும் கேட்ட பிறகு ஒரு கைகூட எதிர்ப்புக்கு உயரவில்லை என்றால் மட்டுமே "ஏகமனதாக" என்று எழுதலாம்.

கேள்வி: முன்னாள் மாணவர் சங்கத்தில் "பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவது" என்று தீர்மானம். ஒருவர் "பெண்கள் கழிப்பறையைச் சீரமைத்தபின்" என்று சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் "கட்டக் கூடாது" என்று திருத்தம் கொடுத்தார். சண்டையில் முடிந்தது. (செஞ்சி வாசகர்)

பதில்: முதலாவது நல்ல திருத்தம். இரண்டாவது திருத்தமே இல்லை. கட்டக் கூடாது என்று நினைப்பவர் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தால் போதும். திருத்தம் மூலப் பொருளை ஒட்டி இருக்க வேண்டும், அதைத் தலைகீழாக்கக் கூடாது.

வரிசைதான் பலருக்குக் குழம்புகிறது. முதலில் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. அது வென்றால் தீர்மானம் "கழிப்பறையைச் சீரமைத்தபின் சுற்றுச்சுவர் கட்டித் தருவது" என்று மாறிவிடும். பிறகு அந்த முழு வாசகத்தையும் தலைவர் மறுபடி உரக்க வாசித்து, அதற்கு இன்னொரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். திருத்தத்துக்குக் கை தூக்கியவர் முழுத் தீர்மானத்தை எதிர்க்கலாம், அதில் துரோகம் ஏதும் இல்லை. இந்த இரண்டாவது வாக்கெடுப்பை விட்டுவிட்டுத்தான் பல சங்கங்கள் உடைகின்றன.

கேள்வி: மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி நான். தலைவர் கருத்துச் சொல்லக் கூடாது என்கிறார்கள். வாக்கு சமமாகப் பிரிந்தால்? (கோலியனூர் வாசகி)

பதில்: பெரிய சபையில் தலைவர் விவாதத்தில் இறங்குவதில்லை. இறங்க விரும்பினால், அந்தப் பொருள் முடியும்வரை இருக்கையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பன்னிரண்டு பேர் அளவுள்ள சிறு குழுவுக்கு ராபர்ட்டின் விதிநூலே சலுகை தருகிறது. தலைவரும் பேசலாம், வாக்களிக்கலாம். உங்கள் குழு அந்த அளவுதானே அம்மா! தாராளமாகப் பேசுங்கள். கடைசியாகப் பேசுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். முதலில் தலைவி சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குத் தலையாட்டுவது தவிர வேலை இருக்காது.

சமமாக வந்தால் முதலில் உங்கள் குழுவின் விதியைப் பாருங்கள். மக்களவையிலும் சட்டமன்றத்திலும் அவைத்தலைவருக்கு அப்போது மட்டும் ஒரு வாக்கு உண்டு. ராபர்ட் கணக்கில் சமம் என்றால் தோல்வி, ஏனெனில் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

கேள்வி: மினிட்ஸ் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும்? எங்கள் செயலாளர் "கூட்டம் இனிதே நடந்தது" என்று முடித்துவிடுகிறார். (விக்கிரவாண்டி வாசகர்)

பதில்: உங்கள் செயலாளரை எண்ணாயிரத்துக்கு அழைத்துப் போங்கள், உங்கள் பக்கத்து ஊர்தான். அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டுங்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் இருந்த அந்த ஊரின் சபை, ஒரு கல்விக்கூடத்தை நடத்த ஏற்பாடு செய்தது. எப்படிப் பதிந்தார்கள் தெரியுமா? இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர். ரிக்வேதம் படிப்பவர் 75, யசுர்வேதத்துக்கு 75, இலக்கணத்துக்கு 40 என்று பாடவாரியாக எண்ணிக்கை. இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், முதுநிலை மாணவருக்குப் பத்து நாழி. ஆயிரம் ஆண்டு கழித்து நாம் வாசித்தாலும் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதில் சந்தேகமே வருவதில்லை.

எனவே நாள், நேரம், இடம், வருகை, தீர்மானத்தின் முழு வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை, யார் எந்தத் தேதிக்குள் செய்வது, எவ்வளவு பணம் என்று எழுதச் சொல்லுங்கள். தோற்ற தீர்மானத்தையும் எழுத வேண்டும். யார் என்ன பேசினார், யார் யாரைத் திட்டினார் என்பது வேண்டாம். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசித்து ஒப்புதல் வாங்குங்கள். அதுவரை அது செயலாளரின் குறிப்பு மட்டும்தான்.

கேள்வி: தீர்மானம் போட்டு என்ன ஆகப் போகிறது? போட்டதெல்லாம் பீரோவில் தூங்குகிறது. (திண்டிவனம் வாசகி)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றது. பிறகு மசோதாவும் கொண்டுவந்தார். 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகியதால் அது அப்படியே நின்றது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் மாகாண முதல்வராக இருந்தபோது, 1947-இல், அது சட்டமானது. இடையில் இருபது ஆண்டு. அவைக் குறிப்பில் ஏறிய அந்தத் தீர்மானத்தை ஒருவரும் அழிக்க முடியவில்லை, திரும்பத் திரும்ப எடுத்துப் பேச ஆட்கள் இருந்தார்கள்.

உங்கள் பீரோவைத் திறந்து பழைய தீர்மானங்களில் நிறைவேறாத ஒன்றை எடுங்கள். தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த கிராம சபையிலோ பொதுக்குழுவிலோ மறுபடி முன்மொழியுங்கள். வழிமொழியப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போங்கள்.