உப்பும் ஓட்டும்: பொய்ப் போட்டிகளைக் குடும்பத்தோடு காண்பது குறித்து ஓர் ஆய்வு

பிறர் பொய் சொல்வதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாமா? இதை ஆராய எவ்வளவோ ஊர்கள் இருக்க உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் எதற்கு என்று நெறியாளர் கேட்கக்கூடும். காரணம் பருவம்.

போட்டியாளர்களை ஒரே வீட்டில் அடைத்து ஒருவரையொருவர் வெளியேற்ற வைக்கும் பிக் பாஸ் தமிழின் முதல் மூன்று சீசன்களும் ஜூனில் தொடங்கின. அது உப்பளத்தில் வெயில் காய்ந்து பாத்தி விளையும் காலம். கொரோனா ஆண்டான 2020இல் நான்காம் சீசன் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. அக்டோபரில் மரக்காணத்தின் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்களில் மழை இறங்கும். குவித்த உப்பை மூடிவிட்டு ஆட்கள் வீட்டில் முடங்குவார்கள். உப்பு நின்றதும் பொய் தொடங்குகிறது. பொங்கலை ஒட்டிப் பாத்தி சீரமைக்கக் கிளம்பும்போது அங்கே கோப்பையைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இது தற்செயல் என்பவர் நிரூபிக்கட்டும்.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் உதவவில்லை. ஓடிடி தளங்களுக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் வன்முறை, நிர்வாணம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள், திகில் எல்லாவற்றையும் எடைபோட்டு 7+, 13+, 16+ என்று வயது குறிக்கச் சொல்கின்றன. பொய்க்கென்று தனித் தலைப்பு கிடையாது. விதி எழுதியவர்களுக்கும் குடும்பம் இருந்திருக்கும்.

பொய்யையே ஆட்டமாக்கிய 'தி டிரெய்டர்ஸ்' நெதர்லாந்தில் 2021இல் பிறந்தது. கரண் ஜோஹர் தொகுக்க, ஜெய்சல்மேர் அரண்மனையில் நடந்த அதன் இந்திப் பதிப்பு 2025 ஜூனில் வெளியானது. கண்ணைக் கட்டி உட்காரவைத்து, சிலரை மட்டும் தொட்டுத் துரோகிகள் ஆக்குவார்கள். மற்றவர்கள் அவர்களைக் கண்டுபிடித்து ஓட்டுப் போட்டு விரட்ட வேண்டும். துரோகி யாரென்று நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். இந்த ஆட்டத்தில் பாட்டிகளுக்கு உடன்பாடில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியதைப் பத்து எபிசோடுக்கு இழுப்பானேன்?

உண்மையான சிக்கல் உப்பில் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது உலகறிந்த விதி. உப்பளக்காரர் வீட்டில் அது தொழில் தர்மமும்கூட. பிக் பாஸ் வீட்டிலோ ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாகத் தின்றுவிட்டு, மறுநாள் கன்ஃபெஷன் அறைக்குப் போய் சமைத்தவரையே வெளியேற்றத்துக்கு நாமினேட் செய்கிறார்கள். உப்புத் துரோகம் என்று முதலில் தோன்றும். நுணுகிப் பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. சமைத்தது சக போட்டியாளர். உப்பு வந்ததோ நிகழ்ச்சியின் மளிகைக் கணக்கிலிருந்து. அப்படியானால் உப்பிட்டவர் பிக் பாஸ்தான். அவருக்கு வேண்டியது சண்டை. முடிந்தவரை சண்டை போட்டு அவர்கள் விசுவாசம் காட்டுகிறார்கள். இந்தக் கோணத்தில் இதைவிட நெறிமிக்க நிகழ்ச்சி தமிழ்த் தொலைக்காட்சியில் இல்லை. குழந்தைகள் தாராளமாகப் பார்க்கலாம்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2017இல் கமல்ஹாசன் தொகுத்த முதல் சீசனிலேயே 'குறும்படம்' வந்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று ஒருவர் சாதித்தால், சொன்ன காட்சியையே ஓட்டிக் காட்டுவார்கள். நம் குடும்பங்கள் இத்தனை தலைமுறை நிலைத்ததற்குப் பதிவுக் கருவி இல்லாததே முதற்காரணம் என்பது என் துணிபு. ஊருக்குக் கொடுத்த கடன், தம்பிக்கு அனுப்பிய பணம், 'தலைவலி' என்று தவிர்த்த காதுகுத்து — எதற்கும் காட்சி ஆதாரம் கிடையாது. மாமியாரும் மருமகளும் அவரவர் நினைவை வைத்தே வழக்காடி, வெற்றி தோல்வியின்றி உறங்கப் போனார்கள்.

இப்போது பிள்ளைகள் ஆதாரம் கேட்கிறார்கள். உப்பு விளையும் ஊரிலும் ஒரு குழந்தை கேட்கும் முதல் பொய் உப்பைப் பற்றியதுதான். மழைநாள் இரவு, டிவி ஓடுகிறது. சாம்பாரை வாயில் வைத்த அப்பாவைப் பார்த்து அம்மா, "உப்பு எப்படி இருக்குது?" என்கிறாள்.

"கரெக்டா இருக்குது."

"யம்மா," என்கிறது திரையிலிருந்து கண்ணை எடுத்த பிள்ளை, "அப்பா மொத வாய் வச்சப்ப மூஞ்சி போனதுக்குக் குறும்படம் இருக்கா?"