கருணாபுரத்துப் பெற்றோர்க்குச் சிங்கப்பூர் வாடகை வீட்டைக் காட்டும் முறை

கருணாபுரத்து உறவின்முறையாருக்கும், தபால் வந்த வீட்டு வாசலில் நின்று உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கும் அனைவருக்கும் சிங்கப்பூரிலிருந்து விடுக்கப்படும் மடல்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை தன்னைக் காண வரும் பெற்றோர்க்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது என்பது, பொதுவாக நம்பப்படுவதுபோல் உயர்ந்த கட்டடங்களையும் வண்ண விளக்குகளையும் காட்டுவதன்று. தான் தற்காலிகமாகக் குடியிருக்கும் வீட்டைக் காட்டி, அது குறித்து எழும் விசாரணைக்கு உட்படுவதே ஆகும். ஊரைக் காட்டும் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த, கருணாபுரம் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் என்னும் முழு நாட்டின் பரப்போ 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் போனால் நாடு முடிந்து கடல் வந்துவிடுவதால், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பேருந்தில் போய்வந்து பழகியவர்களுக்கு இது ஒருநாள் அலுவல்தான். எஞ்சிய நாள்கள் அனைத்தும் வீட்டுக்கே உரியவை.

அந்த எஞ்சிய நாள்கள் எத்தனை என்பதை முடிவு செய்வது பாசமன்று, அனுமதிச் சீட்டு. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் விசா பெற்று வந்திறங்கும்போது வழங்கப்படும் குறுகியகால வருகை அனுமதி பெரும்பாலும் 30 நாளுக்கு மேற்படுவதில்லை. பெற்றோர் நீண்டநாள் தங்கும் அனுமதி வேண்டுமாயின், பிள்ளை உயர்நிலை வேலை அனுமதி உடையவராகவும் மாதம் குறைந்தது 12,000 வெள்ளி நிலையான சம்பளம் பெறுபவராகவும் இருத்தல் வேண்டும். வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலருக்கு அந்நாட்டுத் தமிழர் வழங்கும் பெயர். ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல். இத்தொகையை ரூபாயாக்கிச் சொன்னால் ஊரில் கைமாற்றுக் கேட்போர் தொகை பெருகும் என்பதால், பெருக்கல் வேலை படிப்போரிடமே விடப்படுகிறது. பெட்டி கட்டுவதற்கும் இலக்கணம் உண்டு. குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா அபினிச் செடியின் விதை என்பதால் அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கவனத்துக்கு உரியது. வாயில் அடக்கும் புகையிலைக்குத் தடை உண்டு. மகனுக்குப் பிடித்த குருமாவைச் சமைக்க வரும் தாய் தன் நோக்கத்தை ஓர் அரசாங்கமே சந்தேகிப்பதாகக் கருதுவது இயல்பே.

வீட்டு ஆய்வு கதவிலிருந்து தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளுக்கும் அது பிறந்த ஊருக்கும் உள்ள தொடர்பைக் காக்கும் சட்டச் சான்று, கிடைத்தது. அப்படிப்பட்ட வட்டாரத்திலிருந்து வரும் தந்தையர் எந்தக் கதவையும் விரலால் தட்டிப் பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை. தட்டிய கதவெல்லாம் பலகையாகவும் ஒட்டுப்பலகையாகவும் ஏமாற்றத்தையே தர, சமையலறை அருகே ஒன்று மட்டும் கனத்த எஃகாகக் காட்சி தருகிறது. அதற்குப் பின்னால் இருப்பது குண்டுவீச்சிலிருந்து காக்கும் அறை. 1997-இல் இயற்றப்பட்ட குடிமைத் தற்காப்புப் பாதுகாப்பிடச் சட்டத்தின் பயனாக, அதன்பின் எழுந்த புதிய வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட இத்தகைய சிற்றறை அமைக்கப்படுகிறது. சுவரை இடிக்கவோ கதவைக் கழற்றவோ குடியிருப்போர்க்கு உரிமையில்லை. போர் வராத நாள்களில் இங்கே அரிசி மூட்டையும் வெங்காயமும் துடைப்பமும் பெட்டிகளும் வாழ்கின்றன. தாய்மாருக்கு இவ்வறை உடனே பிடித்துவிடுகிறது, ஆனால் வேறு காரணத்துக்காக: அடைத்தால் வெளிச்சத்தமே கேளாத சிறிய அறை, பூசைக்கென்றே கட்டியதுபோல் இருக்கும்போது அதில் துடைப்பத்தை வைத்திருப்பவன் எப்படி உருப்படுவான் என்பது அவர்கள் வாதம். அன்று மாலைக்குள் துடைப்பம் வெளியேறி முருகன் படம் குடியேறுகிறது. குண்டு தாங்கும் சுவருக்குள் முருகனை வைப்பது யாருக்கு யார் காவல் என்னும் சமய வினாவை எழுப்பக்கூடியதேனும், அதனை ஆராய்ந்தோர் இதுவரை எவருமிலர்.

அடுத்து வருவது மனை பற்றிய வினா. அந்நாட்டவரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக, கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். 1960-இல் தோன்றிய இக்கழகம் வீட்டை விற்பது 99 ஆண்டுக் குத்தகைக்கே. அவ்வாறு வாங்கியவர் வெளிநாட்டு ஊழியர்க்கு வாடகைக்கு விடுவாராயின் ஒவ்வொரு ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குக் குறையக்கூடாது. இவ்விதிகளைக் கேட்ட தந்தையர்க்கு வரும் கவலை அளவிறந்தது. கருணாபுரத்தில் வீடு ஓலையோ ஓடோ, முதலில் கேட்கப்படுவது பட்டா யார் பேரில் என்பதே. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்க்கு நிலமில்லாத வீடு என்பது வேரில்லாத மரம். எனினும் வீட்டுக்காரரே கழகத்துக்குக் குத்தகைக்காரர், மகன் குத்தகைக்காரரின் குடிக்கூலிக்காரன் என்று விளங்கியதும் அவர்கள் முகம் தெளிகிறது. தன் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்பதைவிட எவனுக்குமே இல்லை என்பது தாங்கக்கூடிய செய்தி.

குப்பையைச் சமையலறையிலிருந்தே கீழே தள்ளும் குழாயையும், சன்னலுக்கு வெளியே கழியை நீட்டித் துணி காயவைக்கும் ஏற்பாட்டையும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. முன்னதைத் தாய்மார் பாராட்டினர், பின்னதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தனர்.

வெளியே அழைத்துச் சென்ற இடங்களில் பிள்ளை பெருமையோடு காட்டியது, 2010-இல் திறக்கப்பட்டு, 55 மாடிக் கோபுரங்கள் மூன்றின் தலையில் கப்பலைப் போன்ற கூரையைச் சுமக்கும் மரினா பே சாண்ட்ஸ் விடுதி. தந்தை திரும்பிப் பார்த்ததோ அதற்கு அப்பால் உள்ள மரினா அணைக்கட்டு. 2008-இல் திறக்கப்பட்ட இது, சுமார் 350 மீட்டர் நீளத்தில் ஒன்பது எஃகு மதகுகளோடு கடல்வாயை அடைத்து நிற்பது. உள்ளே ஆற்றுநீர் தேங்கி நாளடைவில் நன்னீராகிறது, மழை மிகும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகு வழியாகவும் உயர்ந்திருந்தால் ராட்சத பம்புகள் வழியாகவும் மிகைநீர் வெளியேற்றப்படுகிறது. கோமுகி அணையில் 46 அடி நிறைந்ததா என்னும் செய்தியைக் கேட்டே ஆண்டுக்கணக்காகக் காலைத் தேநீர் அருந்தியவர்க்கு இதைவிடச் சிறந்த சுற்றுலாத்தலம் வேறில்லை. 'இதுக்கு ஆயக்கட்டு எவ்வளவு?' என்று அவர் கேட்டார். ஆயக்கட்டு என்பது ஓர் அணையின் நீர் பாயும் வயற்பரப்பு. அது அறவே இல்லை, நீர் முழுவதும் குழாய்க்கே போகிறது என்ற விடை அவரை மெய்யாகவே வருத்தியது. ஒரு குழி நெல்லும் விளையாத அணைக்குக் காவலாளியும் பூங்காவும் எதற்கு என்பதே ஊர் திரும்பும்வரை அவரது தீராத ஐயம்.

சிராங்கூன் சாலை தமிழர் கடைகளும் கோயில்களும் செறிந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தின் முதுகெலும்பு. அங்கே வார இறுதியில் பொது இடத்தில் மது அருந்தத் தடை என்று அறிவிப்பு வைத்திருப்பதை இப்பெற்றோர் நின்று படித்தனர். 2013 டிசம்பர் 8-இல் அவ்வட்டாரத்தில் மூண்ட கலவரத்தை ஒட்டிப் பிறந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. நாடெங்கும் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடித்தலும் குற்றம். 2024 ஜூனில் அவர்கள் ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 'கருணாபுரம்' என்றதும் கடைக்காரர் முகம் மாறுவதை அவர்கள் பார்த்தனர். இம்மடலில் நகைப்புக்கு இடமில்லாத பகுதி இது ஒன்றே.

இவ்வளவும் பெற்றோரை அழைக்க வசதி வாய்த்தவர் கதை. கட்டடத் தொழிலாளரின் நிலை வேறு. அவர்கள் தங்குவது பலர் சேர்ந்து உறங்கும் தொழிலாளர் தங்குவிடுதியில். 2021-இல் அறிவிக்கப்பட்ட புதிய தரநிலையின்படி, புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிருவர்க்கு மேற்படாமலும், ஒருவர்க்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். விருந்தாளி அங்கே இரவு தங்க வழியில்லை என்பதால் வீட்டைக் காட்டும் சடங்கு கைபேசி வழியே நிகழ்கிறது. பிள்ளை தன் கட்டிலையும் சன்னலையும் மட்டும் படத்துக்குள் வருமாறு பிடிக்க, அடுத்த கட்டில்காரர் குறட்டை மட்டும் தடுக்க முடியாமல் ஊர்வரை போய்விடுகிறது.

மீண்டும் அந்த வாடகை வீட்டுக்கே வந்தால், ஊர் திரும்புமுன் தாய் செய்த கடைசிச் செயல், வெளிநடையில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலைக் கன்று நட்டது. வெளிநடை என்பது ஒரு மாடியின் வீடுகள் அனைத்துக்கும் பொதுவான தாழ்வாரம். தீ நேர்ந்தால் ஓட வழி வேண்டுமென்று 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருத்தல் விதி. அளவுநாடா இல்லாமையால் முழம்போட்டு அளந்து, சுவரோரம் தொட்டியை ஒதுக்கி, தமிழறியாத அடுத்த வீட்டுச் சீன மூதாட்டியிடம் கைச்சாடையால் நீரூற்றும் பொறுப்பை ஒப்படைத்தார். பெற்ற மகன் அருகில் நிற்க அயலாரை நம்பியது ஏன் என்று கேட்டதற்கு, சென்ற முறை வந்தபோது வைத்த துளசி என்னவாயிற்று என்று மட்டும் கேட்டுவிட்டு மின்தூக்கிக்குள் ஏறினார்.