அம்மனுக்கு மூன்று நாள் விடுப்பு

அசாமில் குவஹாட்டி நகரின் நீலாச்சல் மலையில் இருக்கும் காமாக்யா தேவிக்கு ஜூன் மாதத்தில் மாதவிலக்கு. அம்புபாச்சி மேளா என்று பெயர். மூன்று நாள் நடை சாத்தி, பிறகு திறந்ததும் பிரசாதமாகத் தரும் சிவப்புத் துணிக்குக் கூட்டம் முண்டியடிக்கும். கேரளத்துச் செங்ஙன்னூர் பகவதிக்கும் 'திருப்பூத்து' உண்டு; முடிந்ததும் ஆற்றில் நீராட்டு, ஊர்வலம், ஏக மரியாதை.

அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீடு திரும்பும் பக்தர், மருமகள் 'தூரம்' என்றதும் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைக்கிறார். கேட்டால், அது சக்தியாம், இது தீட்டாம். (மருமகளும் மலையேறிக் குடியிருந்தால் ஒருவேளை மேளம் கொட்டுவாரோ என்னவோ.)

பீகார் அரசு 1992 முதல் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு தருகிறது. மற்ற பல இடங்களில் பராசக்திகள் 'வயிற்று வலி' என்றெழுதி, மேலாளரின் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். காமாக்யாவிடம் மட்டும் யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை.